சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வர்ச்சுவல் மெஷினை மீட்பது: முழு வழிகாட்டி

கத்திரி தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் காலையிலேயே போன் செய்தார். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகுது. பழைய கணக்கைத் தொறந்தா அப்படியே நிக்குது. பதினொன்னாம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1 ரிட்டர்ன் போடணும்."

அவர் சொல்லும் பழைய கணக்கு ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய ஒரு டாஸ் புரோகிராம். யாரிடம் எத்தனை தோல் வந்தது, எந்த லாட், என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதில்தான். 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் ஓடாது. அதனால் சில வருடங்களுக்கு முன் விர்ச்சுவல்பாக்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (வர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் மென்பொருளில், ஒரு விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதற்குள் இந்தப் புரோகிராமை வைத்துக் கொடுத்திருந்தேன். இருபது வருடக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு விடிஐ ஃபைலுக்குள், அதாவது அந்த விஎம்முக்கு டிஸ்க்காக இருக்கும் ஃபைலுக்குள். அந்த ஃபைல் இருந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்தான் இப்போது போய்க்கொண்டிருந்தது.

வட ஆற்காடு முழுக்க, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கே போனாலும் இப்படிப் பழைய புரோகிராமை விஎம்முக்குள் வைத்து ஓட்டுகிற கடைகளும் ஆபீஸ்களும் இருக்கின்றன. உங்களுக்கும் இந்த நிலை வரலாம். அன்று செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: ஆஃப் செய்யுங்கள்

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதன் மிச்ச ஆயுளிலிருந்து கழிகிறது. விண்டோஸ் உள்ளே போனாலே பின்னணியில் ஆயிரம் தடவை எழுதும், படிக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் பாயின் வீட்டுப் பையன் ஒருவன் திரையில் வந்த 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' பட்டனை அழுத்திவிட்டிருந்தான். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதன் பின்னால் ஓடுவது செக்டிஸ்க். அது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைச் சரிசெய்யும் கருவி, டேட்டாவைக் காப்பாற்றும் கருவி அல்ல. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் ஃபைலின் பதிவை வெட்டிவிட்டு, இப்போது கணக்கு ஒத்துப்போகிறது என்று முடித்துக்கொள்ளும். அதுவும் சாகும் டிஸ்க்கின் மேலேயே எழுதி. நல்ல வேளையாகப் பாதியில் நின்றிருந்தது.

அடுத்து சத்தத்தைக் கேளுங்கள். சீராகச் சுழலும் சத்தம் வந்து, படிப்பது மட்டும் மெதுவாக இருந்தால் நீங்களே முயலலாம். 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்தாலோ, சுழன்று சுழன்று நின்றாலோ, பயாஸில் கொள்ளளவு பூஜ்யம் என்று வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அது ஹெட் அல்லது போர்டு பிரச்சினை. அதற்குச் சுத்தமான அறையும் மாற்று உதிரிகளும் உள்ள டேட்டா மீட்பு நிலையம்தான் வழி. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சுமார் 130 கிலோமீட்டர்தான், போய்விட்டு வாருங்கள். டிஸ்க்கை ஃபிரீசரில் வைப்பது, மூடியைத் திறந்து ஹெட்டைத் தள்ளிவிடுவது எதையும் செய்யாதீர்கள். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. நம் ஊர்த் தூசியில் ஒரே ஒரு துகள் போதும். ஃபிரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்ததும் தட்டில் நீர் கோக்கும்.

நோய் என்ன என்று பார்ப்பது

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு டெஸ்க்டாப்பில் நேரடி சாட்டா கேபிளில் மாட்டினேன். யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினாலும் படிக்கும். ஆனால் பல அடாப்டர்கள் ஒரு கெட்ட செக்டரை (டேட்டா எழுதும் சின்னத் துண்டு) தொட்டதும் தொங்கிவிடும், டிஸ்க்கே கண்ணிலிருந்து மறையும். சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்டே டேட்டாவை என்க்ரிப்ட் செய்து வைத்திருக்கும். அவற்றைப் பெட்டியிலிருந்து பிரித்து வெறும் டிஸ்க்காக மாட்டினால் ஒன்றும் புரியாத குப்பைதான் தெரியும். அவற்றை அப்படியே யூஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் பூட் செய்யவில்லை. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்தேன். மீட்புக்கு வேண்டிய கருவிகள் அதிலேயே இருக்கும். உபுண்டு லைவ் வைத்தும் செய்யலாம், ஆனால் அதன் டெஸ்க்டாப் கண்ணில் பட்ட பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) மவுண்ட் செய்துவிடும், அதாவது தானே திறந்துவிடும் பழக்கம் உள்ளது. முதலில் அதை நிறுத்திவிடுங்கள்.

ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஹைபன் சின்ன ஏ சேர்த்து ஓட்டினால் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பு (அதன் பெயர் ஸ்மார்ட்) முழுவதும் வரும். அதில் நான்கு வரிகள் போதும். 5 என்ற எண்ணுள்ள வரி, இதுவரை மாற்று இடம் கொடுத்து ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198, சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றின் கடைசிப் பத்தியில் உள்ள எண் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது என்று அர்த்தம். நான்காவது 199. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் ஏறினால் சந்தோஷப்படுங்கள், பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பாயின் டிஸ்க்கில் 197 நூறைத் தாண்டியிருந்தது. அதை நீண்ட சோதனை ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். இருக்கும் தெம்பைக் காப்பி எடுக்கவே செலவழிக்க வேண்டும்.

காப்பி எடுக்கும் முன் மூன்று விஷயம்

மூலத்தைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று வேண்டும். 1 டெராபைட்டுக்கு 4 டெராபைட் வாங்கச் சொன்னேன். முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுப்போம், பிறகு அதன் மேல் வேலை செய்ய இன்னும் இடம் வேண்டும். புது டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆகவோ என்டிஎஃப்எஸ் ஆகவோ ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 ஆகாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று நம் பகுதியில் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாள் உண்டு. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, யூபிஎஸ்ஸும் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மூன்றாவது சூடு. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பெரும்பாலான டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு உச்ச வரம்பு 60 டிகிரி. அறையே 40 என்றால் மணிக்கணக்கில் ஓடும் டிஸ்க் சீக்கிரம் அந்த எல்லைக்குப் போய்விடும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனை நேராக அடிக்க விட்டேன். இடையிடையே ஸ்மார்ட்டில் 194 என்ற வரியைப் பார்த்து, 50 தாண்டினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடர்ந்தேன்.

எது பழையது, எது புதியது

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க்கை டேட்டாவின் மேல் எழுதிவிடுவீர்கள், அதற்கு மருந்து கிடையாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதி, திரையில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். அதனால் மறுபடி ஆன் செய்யும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

இமேஜ் எடுப்பது

கருவியின் பெயர் குனு டிடிரெஸ்க்யூ. டெபியன், உபுண்டுவில் நிறுவும்போது பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. டிடி, ரெஸ்க்யூ இரண்டுக்கும் நடுவே அடிக்கோடு போட்ட பெயரில் வேறொரு கருவியும் உண்டு, அது இதல்ல.

சாதாரணமாக ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் கெட்ட இடத்தில் முட்டி அங்கேயே நிற்கும், திரும்பத் திரும்ப அதையே படிக்கப் பார்த்து டிஸ்க்கைக் கொல்லும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. நன்றாக இருக்கும் இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, முட்டும் இடத்தைத் தாண்டிப் போய், பிறகு நிதானமாகத் திரும்பி வந்து ஓரங்களைச் சுரண்டும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைல் என்ற சின்ன ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். அந்த மேப் ஃபைல் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தலாம், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இங்கே பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். லைவ் லினக்ஸில் ஹோம் போல்டர் என்பது ராமில் இருப்பது. மேப் ஃபைலை அங்கே வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போகும். புது டிஸ்க்கில், இமேஜுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

முதல் சுற்றுக்கு ஹைபன் டி, ஹைபன் என் என்ற இரண்டு சுவிட்சுகள், பிறகு பழைய டிஸ்க், இமேஜ் ஃபைலின் பெயர், மேப் ஃபைலின் பெயர், இந்த வரிசையில் கொடுக்க வேண்டும். டி என்பது இயங்குதளத்தின் இடைநினைவைத் தாண்டி நேரடியாகப் படிக்கச் சொல்வது. என் என்பது சுரண்டும் வேலையை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வது. பார்ட்டிஷனை மட்டும் கொடுக்காமல் முழு டிஸ்க்கையும் கொடுங்கள்.

நல்ல டிஸ்க்காக இருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடினால் 1 டெராபைட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பாயின் டிஸ்க் முதல் சுற்றுக்கே ஆறு மணி நேரம் எடுத்தது. மதியம் ஒரு தடவை கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தது. சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இரண்டாம் சுற்றில் என் சுவிட்சை எடுத்துவிட்டு, மூன்று தடவை முயலச் சொல்லும் ஹைபன் ஆர்3 சேர்த்தேன். அது இரவு முழுக்க ஓடியது. பெரிய ஆர் சுவிட்ச் போட்டால் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கும், ஒரு பக்கமாக வந்தால் கிடைக்காத செக்டர் மறுபக்கமாக வந்தால் சில நேரம் கிடைக்கும். விடிந்தபோது படிக்க முடியாதது மொத்தமே 36 கேபி. இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு செக்டர் 4096 பைட். அப்படியென்றால் ஒன்பது செக்டர். அங்கேயே நிறுத்திவிட்டேன். 36 கேபிக்காக இன்னும் இரண்டு நாள் அந்த டிஸ்க்கை வதைப்பதில் பயன் இல்லை என்பது என் கணிப்பு. பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, உறையில் போட்டு மூடினேன்.

டிஸ்க் இவ்வளவு தாங்காது என்று தோன்றினால் வேறு வழி உண்டு. பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் ஆனால், டிடிரெஸ்க்யூவுக்கு முழு டிஸ்க்குக்குப் பதில் விடிஐ ஃபைலையே மூலமாகக் கொடுக்கலாம். 60 ஜிபியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

டிஸ்க்குக்குள் டிஸ்க்

இனி எல்லா வேலையும் இமேஜின் மேல்தான். அதிலும் மூல இமேஜைத் தொடாமல் இன்னொரு காப்பியின் மேல்.

ஒரு வேர்டு ஃபைலில் நடுவே 4 கேபி ஓட்டை விழுந்தால் அந்த ஃபைலே திறக்காமல் போகலாம். விஎம் ஃபைல் அப்படி இல்லை. அது ஃபைல் வேடம் போட்ட ஒரு முழு டிஸ்க். அதில் ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ஃபைலில்தான் அந்த ஓட்டை. ஆகவே விஎம் ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக டேட்டா போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். மேலிருந்து கீழே நான்கு அடுக்கு: உண்மையான டிஸ்க், அதன் ஃபைல் சிஸ்டம், விடிஐ ஃபைல், அதற்குள் இருக்கும் எக்ஸ்பியின் ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு அடுக்காக இறங்க வேண்டும்.

இமேஜை லூப் டிவைஸாக (ஃபைலை டிஸ்க்போலக் காட்டும் வசதி) மாற்றி, பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, விஎம் போல்டரை முழுவதுமாக வெளியே எடுங்கள். விடிஐயை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 'விபாக்ஸ்' என்று முடியும் ஃபைல், அதன் 'ப்ரெவ்' என்ற பழைய பதிப்பு, 'ஸ்னாப்ஷாட்ஸ்' போல்டர் எல்லாம் வேண்டும். விஎம்வேர் என்றால் எல்லா விஎம்டிகே துண்டுகளும் விஎம்எக்ஸ் ஃபைலும். ஹைப்பர் வி என்றால் விஹெச்டிஎக்ஸ், அதோடு ஏவிஹெச்டிஎக்ஸ். பார்ட்டிஷனே தெரியவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் கருவி தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும்.

ஓட்டை எங்கே விழுந்தது

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். விஎம் பூட் ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு முழுசாக இருக்கிறது என்று பாயிடம் எப்படிச் சொல்வது? எந்த ஃபைல் அடிபட்டது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோட் என்ற வசதி இருக்கிறது. ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் வேறெங்கும் வரவே வராத ஒரு சொற்றொடரை எழுதிக்கொள்ளுங்கள். இமேஜின் காப்பியையும் மேப் ஃபைலையும் கொடுத்து, ஹைபன் குறியிட்ட இடங்களை, அதாவது கெட்ட செக்டர்களை மட்டும், அந்தச் சொற்றொடரால் நிரப்பச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்திய இமேஜ் என்றால் தொடாத, சுரண்டாத இடங்களுக்கான குறிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் இந்தக் காப்பியை மவுண்ட் செய்து, விடிஐ ஃபைலுக்குள் கிரெப் கட்டளையால் அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். வந்தால் அடி, வராவிட்டால் விடிஐ முழுசு.

பாயின் விடிஐயில் இரண்டு இடங்களில் வந்தது. மற்ற ஏழும் வெளியே வேறு ஃபைல்களிலும் காலி இடத்திலும்.

அடுத்த கேள்வி, விடிஐயின் எந்தப் பகுதியில்? விரிந்துகொண்டே போகும் வகை விடிஐ, டேட்டாவை 1 எம்பி கட்டங்களாக, எழுதிய வரிசையில் வைத்துக்கொள்ளும். எந்தக் கட்டம் எங்கே என்ற அட்டவணை ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும், ஒரு கட்டத்துக்கு 4 பைட். 60 ஜிபி டிஸ்க் என்றால் 61,440 கட்டம், அட்டவணை வெறும் 240 கேபி. அந்த 240 கேபியில் அடிபட்டால்தான் பெரிய சிக்கல், ஏனென்றால் கட்டங்களின் வரிசை தெரியாமல் போகும். அப்போது ஃபோட்டோரெக் போன்ற கருவியால் ஃபைல்களைத் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியதுதான். முழு அளவையும் முதலிலேயே பிடித்துக்கொள்ளும் நிலையான வகை என்றால் உள்ளே டேட்டா வரிசையாகவே இருக்கும், அட்டவணை போனாலும் எடுத்துவிடலாம். கிரெப் காட்டும் பைட் எண்ணைப் பார்த்தாலே எங்கே அடி என்று தெரிந்துவிடும். எங்களுக்கு இரண்டும் நடுவே எங்கேயோ இருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

விடிஐக்குள் இறங்குவது

பூட் செய்ய அவசரப்படாதீர்கள். விண்டோஸ் கையில் இருந்தால் 7 ஜிப் மென்பொருளிலேயே விடிஐ, விஎம்டிகே, விஹெச்டிஎக்ஸ், க்யூகவ்2 எல்லாவற்றையும் ஜிப் ஃபைல்போலத் திறந்து உள்ளே உள்ளதை எடுக்கலாம். லினக்ஸில் க்யூஎமு இமேஜ் கருவியால் முதலில் 'செக்' செய்து, பிறகு 'கன்வெர்ட்' கொடுத்து ரா வடிவத்துக்கு (டிஸ்க்கின் அப்படியே நகல்) மாற்றி, அதையும் லூப் வைத்துப் படிக்க மட்டும் மவுண்ட் செய்யலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். உள்ளே போய் அதே சொற்றொடரை மறுபடி தேடினேன். ஒன்று விண்டோஸ் தற்காலிகமாக எழுதும் பேஜ் ஃபைலில், அதைப் பற்றிக் கவலையே இல்லை. இன்னொன்று பழைய ஒரு வருடத்தின் சரக்கு டிபிஎஃப் ஃபைலில், அதாவது ஃபாக்ஸ்ப்ரோ கணக்கை வைக்கும் ஃபைலில்.

டிபிஎஃப் மிகவும் எளிய வடிவம். தலைப்பில் பதிவுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம். இந்த ஃபைலில் ஒரு பதிவு 128 பைட். 4096 பைட் ஓட்டை என்றால் 32 அல்லது 33 பதிவு, அவ்வளவுதான். ஓட்டைக்கு முன்னும் பின்னும் உள்ளவை அப்படியே இருக்கும். லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தபோது 33 வரிகள் என் சொற்றொடராக நின்றன. எந்த பில் எண்ணிலிருந்து எந்த பில் எண் வரை என்று முன்பின் வரிகளே சொல்லின. பாய் பரணிலிருந்து அந்த வருட பில் புத்தகத்தை இறக்கினார். இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் திரும்ப அடித்துவிட்டோம். புரோகிராமில் ரீஇண்டெக்ஸ் கொடுத்ததும் மொத்தம் பழைய பேரேட்டோடு ஒத்துப்போனது.

திரும்ப விஎம்மாக ஓட்ட, சொற்றொடர் நிரப்பாத காப்பியை எடுத்து, திருத்திய டிபிஎஃப்பை உள்ளே வைத்து, புது விஎம்மில் மாட்டினோம். பழைய விடிஐயும் அதே விர்ச்சுவல்பாக்ஸில் பதிவாகியிருந்தால் யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) மோதும். விபாக்ஸ்மேனேஜில் அதை மாற்றும் உள்கட்டளை இருக்கிறது. எக்ஸ்பி சோதனை செய்யவா என்று கேட்டால் இப்போது செய்யட்டும், ஓடுவது நல்ல டிஸ்க்கில் உள்ள காப்பி.

ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைப்பது) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தாய் விடிஐ, அதன் மேல் மாற்றங்களை வைத்திருக்கும் குழந்தை விடிஐ என்று ஒரு சங்கிலி அது. கடைசி மாதத்துக் கணக்கு குழந்தையில்தான் இருக்கும். தாயை மட்டும் தனியாக மாட்டி பூட் செய்தால் தாயில் எழுத்து விழும், குழந்தை அதோடு ஒட்டாமல் போகும். கடைசிக் குழந்தையைக் கொடுத்து 'குளோன் மீடியம்' செய்தால் முழுச் சங்கிலியும் ஒரே ஃபைலாகச் சேர்ந்து வரும். அதன் பிறகு பூட் செய்யுங்கள்.

அதற்கு அப்புறம்

பத்தாம் தேதி மாலை பாய் ரிட்டர்ன் போட்டுவிட்டார். மூல இமேஜையும் மேப் ஃபைலையும் மூன்று மாதம் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன், ஏதாவது ஒரு ஃபைல் விட்டுப்போனது தாமதமாகத்தான் தெரியும். பழைய டிஸ்க்கும் அதுவரை உறையிலேயே இருக்கட்டும்.

இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டிக் கொடுத்தேன். வியாழன் மாலை கடை மூடும் முன் விஎம்மை ஷட் டவுன் செய்து, ஓடும் நிலையிலேயே உறையவைக்கும் சேவ் ஸ்டேட் அல்ல, முழு போல்டரையும் அந்த வாரத்து டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டும். அந்த டிஸ்க் பாயோடு வீட்டுக்குப் போகும், முந்தைய வார டிஸ்க் கடைக்கு வரும். மாதம் ஒரு தடவை நான் போகும்போது அந்தக் காப்பியை என் லேப்டாப்பில் மாட்டி பூட் செய்து, கடைசி பில் எண்ணைப் பாயிடம் கேட்டு ஒத்துப் பார்க்கிறேன்.